இலவச இணையப் படிப்புகள்: சேரும் முன்னும், மூன்றாவது வாரத்தில் நின்ற பிறகும் கேட்கப்படும் கேள்விகள்

தென் மாவட்டம் ஒன்றில் பொறியியல் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். சில வருடங்களாக, ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் இலவசமாக நடத்தும் என்பிடெல் படிப்புகளில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் 'மென்டர்' வேலையும் என் தலையில் இருக்கிறது. ஜனவரி பிறந்தால், ஜூலை பிறந்தால், அதே கேள்விகள் வரும். கேன்டீனில் கேட்பார்கள், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் மகளுக்காகக் கேட்பார். எழுதிவைத்துவிட்டால் இனி இந்தப் பக்கத்தைக் கைகாட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

'மூக்' என்கிறார்களே, அது என்ன?

வகுப்பில் முதல்முறை சொல்லும்போது கடைசி பெஞ்சில் ஒருவன் மூக்கைத் தொட்டுக் காட்டுவான். வருடம் தவறியதில்லை. 'மாஸிவ் ஓப்பன் ஆன்லைன் கோர்ஸ்' என்பதன் சுருக்கம் அது. எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் சேரலாம். நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப், டொனேஷன் எதுவும் கிடையாது.

யூடியூபில் பாடம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், தேதி என்பேன். குறிப்பிட்ட நாளில் படிப்பு ஆரம்பிக்கும். வாராவாரம் பாடம் வெளியாகும், அசைன்மென்ட் வரும், அதற்குக் கடைசி நாள் உண்டு. சந்தேகம் கேட்க ஓர் இடம் இருக்கும். முடிவில் தேர்வு இருக்கும். விடியோ என்னவோ அதே விடியோதான். என்பிடெல் பாடங்கள் எல்லாம் யூடியூபிலும் இருக்கின்றன, எந்த நாளும் பார்க்கலாம். எந்த நாளும் பார்க்கலாம் என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை.

யார் ஆரம்பித்தது?

பெயர் 2008இல் வந்தது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டௌன்ஸ் இருவரும் நடத்திய ஒரு படிப்பில் காசு கட்டிச் சேர்ந்தவர்கள் 25 பேர். சும்மா வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 2,200 பேர். அதைப் பார்த்து டேவ் கார்மியர் என்பவர் வைத்த பெயர் இது. அந்தப் படிப்பில் எல்லோரும் எழுதி, எல்லோரும் விவாதித்து, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள். இன்று நாம் பார்க்கும் மூக் அந்த மாதிரி இல்லை. ஒருவர் பேசுவார், லட்சம் பேர் கேட்பார்கள்.

அந்த மாதிரிக்கு ஆரம்பம் 2011. ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட, ஏறக்குறைய 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்ற மூன்று படிப்புத் தளங்களும் வந்துவிட்டன. எட்எக்ஸ் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து தொடங்கியது. அதன் முதல் தலைவர் அனந்த் அகர்வால் சென்னை ஐஐடியில் படித்தவர். 2012ஐ 'மூக் ஆண்டு' என்றே நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பல்கலைக்கழகங்களையே மூடவேண்டி வரும் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. ஒன்றும் மூடவில்லை.

என்பிடெல், ஸ்வயம் இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. ஸ்வயம் என்பது மத்திய அரசின் இணையப் படிப்புத் தளம். அதைக் கட்டடம் என்றால், என்பிடெல் அதில் பெரிய குடித்தனம்.

என்பிடெல் 2003இல் ஆரம்பித்தது. அதாவது மூக் என்ற சொல்லுக்கே முன்னால். ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் மத்திய அரசின் பணத்தில் சேர்ந்து செய்தன. ஒருங்கிணைப்பு சென்னை ஐஐடியில். அப்போது தனியார் பொறியியல் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்தன, பாடம் நடத்த ஆள் இல்லை. நல்ல ஆசிரியரின் வகுப்பைப் படம்பிடித்து எல்லாக் கல்லூரிக்கும் கொடுத்துவிடலாம் என்பதுதான் யோசனை. நெட் வேகம் இல்லாத அந்தக் காலத்தில் பாடங்களை ஹார்டு டிஸ்க்கில் பதிந்து கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள். ஐஐடி பாடங்கள் 'ஏகலவ்யா' என்ற டிவி சேனலிலும் வந்தன. குருவின் முகம் பார்க்காமல் கற்றவன் பெயர் பொருத்தம்தான். ஆனால் அவன் கட்டைவிரல் என்னவானது என்பதைப் பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

2014 மார்ச்சில் என்பிடெல் தேர்வும் சான்றிதழும் கொடுக்க ஆரம்பித்தது. 2017 ஜூலை 9 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஸ்வயம் தளத்தைத் தொடங்கிவைத்தார். பொறியியலுக்கு என்பிடெல், கலை அறிவியலுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, கல்வி விடியோ தயாரிக்கும் அமைப்பான சிஇசி, மேலாண்மைக்கு பெங்களூர் ஐஐஎம், பள்ளிப் பாடத்துக்கு என்சிஇஆர்டி என்று பல அமைப்புகள் அங்கே படிப்பு நடத்துகின்றன. என்பிடெல் தேர்வை என்பிடெல்லே நடத்துகிறது. மற்றவற்றின் தேர்வைப் பெரும்பாலும் தேசியத் தேர்வு முகமையான என்டிஏ நடத்துகிறது. தேதி, கட்டணம், விண்ணப்பம் எல்லாம் தனித்தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு தேதியைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வொரு பருவமும் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே இலவசமா?

படிப்பது இலவசம். தேர்வு எழுதினால் காசு. என்பிடெல்லில் ஒரு பாடத்துக்கு நீண்ட காலமாக 1,000 ரூபாய் இருந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. அந்தப் பருவத்துக்கு எவ்வளவு என்பதைப் படிப்பின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஒரு பெரிய பள்ளம். படிப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவுசெய்வது வேறு. பெயர் கொடுத்தாயிற்று, அசைன்மென்ட் எல்லாம் போட்டாயிற்று, ஹால் டிக்கெட் தானாக வரும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. இடையில் சில வாரங்கள் தேர்வுப் பதிவு திறந்திருக்கும். அப்போது தனியாகப் போய்ப் பணம் கட்டி, ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானே ஒருமுறை இப்படிக் கோட்டைவிட்டேன். மாணவர்களுக்கு நாள் தவறாமல் நினைவூட்டிவிட்டு, என் பெயரைப் பதிய மறந்துபோனேன்.

வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் இலவசம்தானே?

முன்பு இருந்தது. ஆரம்பத்தில் கோர்செராவும் எட்எக்ஸும் படித்து முடித்தவருக்குச் சும்மாவே ஒரு சான்றுத்தாள் கொடுத்தன. முதலில் அது நின்றது. அப்புறம் மதிப்பெண் வரும் அசைன்மென்ட்டுகள் காசுக்குப் பின்னால் போயின. இப்போது சில படிப்புகளில், காசில்லாமல் பார்க்க மட்டும் விடும் 'ஆடிட்' என்ற வழி ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். தேடிப் பிடித்தால் விடியோக்களைப் பார்க்கலாம், பல படிப்புகளில் அதற்கும் கால வரம்பு. கோர்செராவில் வசதியில்லாதவர்கள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம், ஏன் வேண்டும் என்று எழுதிக் காத்திருக்க வேண்டும்.

காரணம் எளிது. ஒரு பாடத்தைப் படம்பிடிக்க, தளத்தை ஓட்ட, தேர்வு நடத்தப் பணம் வேண்டும். முதலீடு போட்டவர் லாபம் கேட்பார். உடாசிட்டி கட்டணப் படிப்புக்கு மாறியது. எட்எக்ஸை 2021இல் 2யூ என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நிறுவனம் 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. என்பிடெல்லில் பாடம் இன்னும் இலவசமாக இருப்பதற்குக் காரணம் அதன் செலவை அரசு ஏற்றிருப்பதுதான். வரிப்பணம். இதை நாம் போதுமான அளவு பெருமையாகச் சொல்வதில்லை என்று எனக்குத் தோன்றும்.

சேர்கிறவர்களில் 5% பேர்கூட முடிப்பதில்லை என்கிறார்களே?

சரிதான். ஆனால் எதில் 5% என்று பார்க்க வேண்டும்.

2012 வசந்தத்தில் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். எட்எக்ஸின் முதல் பாடம் அதுதான். பெயர் கொடுத்தவர்கள் 1,54,763 பேர். முதல் கணக்குத் தொகுப்பில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 26,349. இடைத்தேர்வில் தேறியவர்கள் 9,318. கடைசியில் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157.

பெயர் கொடுத்தவர்களை வைத்துப் பார்த்தால் 5%க்கும் குறைவு. முதல் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களை வைத்தால் 27%. இடைத்தேர்வைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கரையேறிவிட்டார்கள். ஒன்றேகால் லட்சம் பேர் காணாமல்போனது பட்டனை அழுத்தியதற்கும் முதல் கணக்கைத் தொட்டதற்கும் இடையில். அவர்களைத் 'தோற்றவர்கள்' என்று எண்ணுவது, புத்தகக் கண்காட்சியில் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தவரை வாசிக்கத் தெரியாதவர் என்று சொல்வது போலத்தான். எம்.ஐ.டி. வகுப்பறையில் இதே பாடத்தை 7,157 பேருக்கு நடத்தி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

சரி, இது நல்ல பக்கம். மோசமான பக்கமும் உண்டு. எம்.ஐ.டி., ஹார்வர்டு இரண்டும் 2012 முதல் 2018 வரை எட்எக்ஸில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பதிவுசெய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை. ஆறு வருடம் எத்தனையோ மாற்றங்கள் செய்தும் முடிப்பவர்களின் விகிதம் ஏறவில்லை. 2017-18இல் 3% அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் சான்றிதழுக்கென்று பணம் கட்டியவர்களில் 46% பேர் முடித்தார்கள்.

பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிப்பவர்கள்தான் பணம் கட்டினார்களா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். அப்பாவிடம் ஆயிரம் ரூபாய் கேட்டு வாங்கிய பெண், தேர்வு நாளன்று படுத்துத் தூங்க மாட்டாள். அதே ஆயிரத்தைக் கேட்க முடியாமல் தேர்வுக்கே பதிவுசெய்யாத பெண்ணும் என் வகுப்பில் உண்டு. அசைன்மென்ட் எல்லாம் முறையாகப் போட்டிருந்தாள்.

நான் ஒவ்வொரு முறையும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

கவலை வேண்டாம், நான் நான்காவது வாரத்தில் நிற்கிற ஆள். புள்ளியியல் பாடம் ஒன்றில் மூன்று முறை சேர்ந்து மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றேன். அந்த வார விடியோவில் பேராசிரியர் போட்டிருந்த சட்டை நிறம்கூட மனப்பாடம்.

டைம்டேபிள் போட்டு ஒட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதையும் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 250 படிப்புகளில் இரண்டரை லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. எப்போது, எங்கே உட்கார்ந்து படிக்கப்போகிறேன் என்று முதலிலேயே எழுதவைத்தால் முதல் சில வாரங்கள் ஆட்கள் உற்சாகமாக வருகிறார்கள். கடைசியில் முடிப்பவர் எண்ணிக்கை மாறவில்லை.

நான் கண்ணால் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஹாஸ்டலில் ஒரு வருடம் நாலு பெண்கள் ஒரே பாடத்தில் சேர்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ் மேஜையிலேயே உட்கார்ந்து ஒரே லேப்டாப்பில் 1.5 வேகத்தில் விடியோ ஓட்டுவார்கள். அசைன்மென்ட் புதன் நள்ளிரவுக்குள் போட வேண்டும், அதனால் செவ்வாய். ஒருத்தி நிறுத்தச் சொல்வாள், இன்னொருத்தி பேப்பரில் போட்டுக் காட்டுவாள், மூன்றாமவள் 'இது போன வாரம் சொன்னதுதானே' என்பாள். நாலாவது பெண் பெரும்பாலும் தூங்கி வழிந்துகொண்டிருப்பாள். பாத்திரம் கழுவுகிற அக்கா விளக்கை அணைக்க வந்து நிற்பார், பத்து நிமிஷம் என்று கெஞ்சுவார்கள். நாலு பேரும் தேர்வு எழுதினார்கள், நாலு பேரும் தேறினார்கள், தூங்கி வழிந்தவள் உட்பட. அதே பருவத்தில் தனித்தனியாகச் சேர்ந்த கெட்டிக்காரப் பையன்கள் பாதிப் பேர் இடையில் நின்றார்கள்.

பாடத்தை இலவசமாக்க முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து 'அசைன்மென்ட் போட்டியா?' என்று கேட்கிற ஆளை எந்தத் தளத்தாலும் இலவசமாக அனுப்ப முடியவில்லை. ஆகவே முதலில் ஆளைப் பிடியுங்கள், பாடத்தை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம். வேலைக்குப் போகிறவரானால் வாரம் ஒருமுறை போனில் பேச ஒரு நண்பர் போதும்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் படிப்பில் நன்றாகப் போட்ட எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரியை எடுப்பார்கள். எட்டு வாரத்தில் ஆறு. நாலு வாரத்தில் மூன்று. ஆகவே ஓரிரு வாரம் தவறினால் உலகம் முடிந்துவிடாது. நிரலாக்கப் பாடங்கள் சிலவற்றில் கணக்கு மாறும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: சான்றிதழ் வேண்டுமானால் 25க்கு 10, 75க்கு 30 என இரண்டும் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். மொத்தம் 40 முதல் 59 வரை சாதாரணத் தேர்ச்சி, 60க்கு மேல் 'எலைட்', 75க்கு மேல் அதனுடன் சில்வர், 90க்கு மேல் கோல்டு.

டெலிகிராமில் அசைன்மென்ட் விடை வந்துவிடுகிறதே, எழுதிவிட்டால் என்ன?

புதன்கிழமை மாலை ஆனால் யூடியூபிலும் வரும், எனக்குத் தெரியும். நல்லது கெட்டது பேசப்போவதில்லை. கணக்கை மட்டும் பாருங்கள்.

அப்படி எழுதிய பையனுக்கு அசைன்மென்ட்டில் சராசரி 92. அதாவது 25க்கு 23. தேர்வில் 100க்கு 36 எடுத்தான், அதாவது 75க்கு 27. கூட்டினால் 50. ஐம்பது எடுத்தேன், ஏன் சார் சான்றிதழ் வரவில்லை என்று என்னிடம் வந்து நின்றான். தேர்வில் 30 வரவில்லை, அவ்வளவுதான். தேர்வு மையத்தில் நேரில் போய், கேமரா பார்க்க, மூன்று மணிநேரம் எழுதுவது. அங்கே டெலிகிராம் வராது. தேர்வுக் கேள்விகள் அசைன்மென்ட் கேள்விகளின் சாயலில்தான் நிறைய வரும். தானாகப் போட்டுப் பார்த்தவனுக்கு அந்தச் சாயல் தெரியும்.

எங்கள் கல்லூரி எல்லோரையும் கட்டாயம் சேரச் சொல்கிறது. இது நியாயமா?

எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எலைட் என்ற எண்ணிக்கை தரவரிசைக் கோப்புகளுக்குப் போகிறது. அதனால் மேலிடத்திலிருந்து இலக்கு வருகிறது. இலக்கு வந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே பாடத்தில் பெயர் கொடுக்கிறார்கள். விருப்பமில்லாதவன் விடையைத் தேடித்தான் போவான். டெலிகிராம் குழுக்களை வளர்த்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் எதையும் மாற்றவும் இல்லை.

ஆனால் ஒரு நல்ல விஷயம். ஒரு பருவப் பாடங்களில் 20% வரை ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் வாங்கலாம் என்று யுஜிசி 2016இல் விதி கொண்டுவந்தது, 2021இல் அதை 40% ஆக்கியது. பன்னிரண்டு வாரப் படிப்புக்கு 3 கிரெடிட், எட்டு வாரத்துக்கு 2, நாலு வாரத்துக்கு 1. விருப்பப் பாடம் ஒன்றை இப்படி முன்கூட்டியே முடித்துவிட்டால் கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவுசெய்யும். சேருவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழியாக 'பார்த்துக்கலாம்பா' என்றால் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் உண்டா?

ஓரளவு. பல என்பிடெல் பாடங்களின் உரை தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுக் கிடைக்கிறது. பாடம் நடப்பதும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். மொழிபெயர்ப்பின் தமிழ் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடக் கடினம். நம் பிள்ளைகள் 'வோல்டேஜ்' என்றே சொல்லிப் பழகியவர்கள், 'மின்னழுத்த வேறுபாடு' என்று எழுதினால் எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவர் செய்த வழி எனக்குப் பிடித்தது. முதலில் தமிழ் உரையை ஒருமுறை வாசித்துவிடுவார். அப்புறம் விடியோவை ஆங்கில எழுத்து கீழே ஓட 0.75 வேகத்தில் பார்ப்பார். புரியாத சொல்லைக் குறித்துவைப்பார். ஐந்தாவது வாரத்தில் வேகத்தை 1க்கு மாற்றிவிட்டேன் சார் என்று வந்து சொன்னார். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஊரில் நெட் சரியில்லை. போன் மட்டும்தான் இருக்கிறது.

விடியோக்களைக் கல்லூரி வைஃபையில் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அசைன்மென்ட் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான், போனில் போட்டுவிடலாம். நிரலாக்கப் பாடம் மட்டும் போனில் கொடுமை. நெட்டே இல்லாதவர்களுக்காக ஸ்வயம் பிரபா என்று 2017இல் 32 டி.டி.எச். சேனல்கள் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் அதை வைத்துப் படிக்கிறவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

ஏழை மாணவருக்கு இது போய்ச் சேருகிறதா?

மங்கோலியாவில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அந்த முதல் மின்சுற்றுப் பாடத்தில் முழு மதிப்பெண் எடுத்து, பிறகு எம்.ஐ.டி.யிலேயே சேர்ந்தான். உண்மைக் கதை. மேடைக்கு மேடை சொல்லப்பட்ட கதையும் அதுதான். அந்தப் பையனுக்கு ஊக்கம் கொடுத்த ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார் என்பதை மட்டும் பல மேடைகளில் விட்டுவிடுவார்கள்.

பொதுக் கணக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. அமெரிக்காவில் இந்தப் படிப்புகளில் சேர்ந்தவர்கள் சராசரியைவிட வசதியான பகுதிகளில் வசிப்பவர்கள் என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் படிப்புகளில் சேர்ந்தவர்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே பட்டம் இருந்தது. படிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் படிப்பு கிடைக்கிறது.

இந்தியாவில் சேர்கிறவர்களில் கல்லூரி மாணவர்கள் மிக அதிகம், அதில் சின்ன ஊர்க் கல்லூரிகளும் நிறைய. ஆள் பற்றாக்குறையான துறையில் ஐஐடிப் பேராசிரியரின் பாடத்தைக் கேட்க முடிவது சின்ன விஷயமில்லை. எங்கள் கல்லூரியிலேயே ஒரு பருவம் ஆசிரியர் இல்லாத பாடத்தை இப்படித்தான் ஓட்டினோம். பிள்ளைகளைவிட அதிகம் கற்றுக்கொண்டது நான்.

அப்படியென்றால் ஆசிரியர்கள் தேவையில்லையா?

2013இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் இதைச் சோதித்துப் பார்த்தது. உடாசிட்டியோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் மூன்றையும் 150 டாலருக்கு நடத்தினார்கள். கணக்கில் ஏற்கெனவே தடுமாறியவர்கள், பள்ளி மாணவர்கள் எனப் பலர் சேர்ந்தார்கள். வகுப்பறையில் படித்தவர்களைவிட மிகக் குறைவாகவே தேறினார்கள், ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த கோடைச் சுற்றில் தேர்ச்சி ஏறியது. பார்த்தால், அந்தச் சுற்றில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்.

அதே வருடம் அதே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை, ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் இணையப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து அவருக்கே திறந்த கடிதம் எழுதியது. ஒரே மனிதரின் நீதிப் பாடத்தை நாடு முழுக்க எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதா என்பது அவர்களின் பயம். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அந்தப் பயம் புரிகிறது. ஆனால் ஐஐடிப் பேராசிரியர் பத்து நிமிஷத்தில் விளக்குவதை நான் ஒரு மணிநேரம் இழுக்கிறேன் என்பதும் புரிகிறது. இப்போது வகுப்பில் அவர் விடியோவை ஓடவிட்டு நடுநடுவே நிறுத்துகிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பது பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

சான்றிதழ் காட்டினால் வேலை கிடைக்குமா?

அதை மட்டும் காட்டினால் கிடைக்காது. ரெஸ்யூமேயில் எட்டுப் படிப்பை அடுக்கியவனிடம் நேர்காணலில் முதல் படிப்பிலிருந்து ஒரு கேள்வி கேட்டார்கள், அத்தோடு வெளியே வந்தான். இரண்டு படிப்பு, அதைவைத்துச் செய்த ஒரு சின்ன ப்ராஜெக்ட் போதும்.

சென்னை ஐஐடியின் இணைய பி.எஸ். படிப்பும் இதுதானா?

இல்லை. 2020இல் தொடங்கிய அது முறையான பட்டப்படிப்பு. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், ஆனால் தகுதிச் சுற்று உண்டு, கட்டணமும் உண்டு. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. நான் சேரலாமா?

தாராளமாக. தேர்வே எழுத வேண்டியதில்லை என்பதால் உங்களுக்குத்தான் இது உண்மையில் இலவசம். ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர் எனக்குத் தெரியும், மனைவிக்கு உடம்புக்கு முடியாமல்போன வருடம் உளவியல் பாடம் ஒன்றை எட்டு வாரமும் கேட்டார். அசைன்மென்ட் ஒன்றுகூடப் போடவில்லை. புள்ளிவிவரத்தில் அவரும் 'இடைநின்றவர்'.

தேர்வு மையம் தூரமாகப் போட்டுவிட்டார்கள். மாற்ற முடியுமா?

பதிவு திறந்திருக்கும்வரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஹால் டிக்கெட் வந்தபிறகு நடக்கிற காரியமில்லை. காலைத் தேர்வு ஒன்பது மணிக்கு, அதற்கு வெகு முன்பே உள்ளே இருக்க வேண்டும். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் முடிந்தால் மதிய நேரத்தைக் கேளுங்கள். விளாத்திகுளம் பக்கத்து ஊர் மாணவி ஒருத்தி காலைத் தேர்வுக்குத் திருநெல்வேலி போக, அவள் அப்பா முந்தின இரவே பைக்கில் கோவில்பட்டிக்குக் கூட்டிவந்து அத்தை வீட்டில் விட்டார். ஹால் டிக்கெட்டைக் காகிதத்தில் அச்சடித்து, அசல் அடையாள அட்டையோடு எடுத்துப்போங்கள். போனில் காட்டினால் உள்ளே விட மாட்டார்கள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை என்றால் அன்று ஜெராக்ஸ் கடை திறந்திருக்காது, சனிக்கிழமையே எடுத்துவையுங்கள்.